மாற்றிய ஆர்18 எஞ்சின், நடுக்கமே இல்லை, ஆனாலும் பி0300 வருது

வெள்ளைச்சிவிக் எழுதியது:

வணக்கம். விஷயத்துக்கு நேரே வாறன்.

கார் 2007 ஹொண்டா சிவிக் செடான், 1.8, ஓட்டோ கியர். பழைய எஞ்சினின்ர புளொக் வெடிச்சு கூலன்ற் ஒழுகினது (2006–2008 சிவிக்குகளுக்குத் தெரிஞ்ச வியாதிதான்). 2010 சிவிக்கில இருந்து கழட்டின எஞ்சின் ஒண்டு பழைய கார் யார்டில எடுத்துப் போட்டாச்சு. அதுவும் ஆர்18ஏ1. 118,000 கிலோமீற்றர் ஓடினது.

பழைய காரில இருந்து அப்பிடியே வைச்சது: கொம்பியூட்டர், வயரிங், இன்ரேக் மனிஃபோல்ட், த்ரொட்டில் பொடி, நாலு கொயில், கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர். புது எஞ்சினோட வந்தது: க்ராங்க் சென்சர், காம் சென்சர், இன்ஜெக்டர்கள். பிளக் நாலும் புதுசு, இரிடியம். ஒயில் 0டபிள்யூ-20, 3.7 லீற்றர்.

பிரச்சினை இது. முதல் 60, 70 கிலோமீற்றர் ஒண்டும் இல்லை. பிறகு 401 நெடுஞ்சாலையில போகேக்க எஞ்சின் லைற் எரிஞ்சுது. சிமிட்டேல்லை, நிலையா எரியுது. ஸ்கானரில பி0300 (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில பெற்றோல் எரியாமல் போறதுக்கான கோட்) மட்டும், எந்தச் சிலிண்டர் எண்டும் இல்லை. ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோட் வந்த நேரத்துப் பதிவு): 2,280 ஆர்பிஎம், 108 கிலோமீற்றர் வேகம், கூலன்ற் 91 பாகை. இரண்டு தரம் அழிச்சன், இரண்டு தரமும் நெடுஞ்சாலையிலதான் திரும்பி வந்தது.

காரில இருந்தால் ஒரு நடுக்கமும் தெரியாது. இழுவை நல்லம். ஃபியூவல் ட்ரிம் (கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற வீதம்) குறுங்காலம் +2, நெடுங்காலம் +3 அளவில நிக்குது. 1ஆம் சிலிண்டர் கொயிலை 3க்கு மாத்திப் பாத்தன், ஒரு வித்தியாசமும் இல்லை. பற்றறி இரண்டு நாள் கழட்டி இருந்தது.

யார்ட் தந்த உத்தரவாதம் இன்னும் 19 நாள்தான். எஞ்சின் பிழையெண்டால் அதுக்குள்ள தெரியவேணும். எந்த ஒழுங்கில பாக்கிறது?


ஸ்பனர்14 எழுதியது:

கொயிலையும் பிளக்கையும் இனித் தொடாதேங்கோ. முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது ஒண்டு: உண்மையிலேயே ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விடுதோ, அல்லது கொம்பியூட்டர் அப்பிடிக் கணக்குப் போடுதோ. நீங்கள் எழுதினதைப் பாக்க இரண்டாவதுக்குத்தான் வாய்ப்புக் கூட.

கொம்பியூட்டருக்கு மிஸ்ஃபயர் எண்ட ஒண்டு நேரடியாத் தெரியாது. க்ராங்க் (எஞ்சினின்ர முக்கிய தண்டு) சுத்துற வேகத்தைப் பாத்து ஊகிக்குது. நாலு சிலிண்டர் எஞ்சினில 180 பாகைக்கு ஒரு வெடிப்பு. 3,000 ஆர்பிஎம்மில அந்த 180 பாகையைக் கடக்க 10 மில்லிசெக்கன்ட். ஒரு சிலிண்டர் வெடிக்காட்டி அந்தத் துண்டுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். அந்தக் 'கொஞ்சம்' வந்தால் மிஸ்ஃபயர் எண்டு எண்ணும்.

இப்ப க்ராங்க் சென்சர் வாசிக்கிற பல்லுத் தட்டை நினைச்சுப் பாருங்கோ. எந்தத் தட்டிலயும் பல்லுகள் நூறு வீதம் சமனாய் இருக்காது. 0.1 பாகை பிசகினாலே 3,000 ஆர்பிஎம்மில 5, 6 மைக்ரோசெக்கன்ட் வித்தியாசம். இதுக்காகத்தான் ஹொண்டா கொம்பியூட்டர் அந்தந்த க்ராங்கின்ர பிசகைப் படிச்சு நினைவில வைச்சுக் கழிச்சுக்கொள்ளும். க்ராங்க் பற்றேர்ன் எண்டு சொல்லுறது அதைத்தான். உங்கட கொம்பியூட்டரில இருக்கிறது வெடிச்ச புளொக்குக்குள்ள இருந்த க்ராங்கின்ர கணக்கு. இப்ப சுத்துறது வேற க்ராங்க், வேற தட்டு, வேற சென்சர். இல்லாத பிசகைக் கழிக்குது, இருக்கிற பிசகை விடுது.

ஐடிலில ஏன் வரேல்லை, 401இல ஏன் வருது? மெதுவாச் சுத்தேக்க ஒரு வெடிப்புத் தவறினால் க்ராங்க் நல்லாத் தடுமாறும், கண்டுபிடிக்கிறது சுகம். வேகம் கூடக் கூட அந்தத் தடுமாற்றம் சுருங்கும். பல்லுப் பிசகு சுருங்காது, அது எப்பவும் அதே பாகைதான். அதனால வேகம் கூடேக்க உண்மையையும் பிசகையும் பிரிக்கிற இடைவெளி குறையும். எந்தச் சிலிண்டர் எண்டு சொல்லாமல் பி0300 மட்டும் வாறதும் இதோட பொருந்துது.

செய்யவேண்டியது பற்றேர்னை அழிச்சுப் புதுசாப் படிக்கவைக்கிறது. சாதாரண கோட் ஸ்கானரின்ர 'கிளியர்' இதைத் தொடாது. எச்டிஎஸ் (ஹொண்டாவின்ர சொந்தச் சோதனைக் கருவி) வேணும், அல்லது ஹொண்டாவுக்கான தனிச் செயல்பாடுகள் உள்ள ஸ்கானர். டீலரிட்டப் போனால் "எஞ்சின் லைற் பாருங்கோ" எண்டு சொல்லாதேங்கோ. "க்ராங்க் பற்றேர்ன் கிளியரும் லேர்னும் செய்து தாங்கோ" எண்டு கேளுங்கோ. முதலாவதுக்கு வேற பட்டியல், வேற காசு.

முதல்ல ஐடில் படிப்பிக்கவேணும், பற்றறி கழட்டி இருந்ததால. லைற், ஹீற்றர் விசிறி, ஏசி, றேடியோ எல்லாம் நிப்பாட்டி, கியரை பி-யில வைச்சு 3,000 ஆர்பிஎம்மில பிடியுங்கோ, றேடியேற்றர் விசிறி சுத்தும்வரைக்கும் அல்லது கூலன்ற் 90 பாகை வரும்வரைக்கும். பிறகு காலை எடுத்து 5 நிமிடம் ஐடிலில விடுங்கோ. இடையில விசிறி சுத்தினால் அந்த நேரத்தை 5 நிமிடத்தில சேர்க்கக்கூடாது.

பிறகு பற்றேர்ன்:

1. இருக்கிற கோட்டுகளை அழிச்சு, எச்டிஎஸ்ஸில க்ராங்க் பற்றேர்ன் கிளியர்.

2. ஸ்டார்ட் பண்ணி, லோட் இல்லாமல் 3,000 ஆர்பிஎம்மில விசிறி சுத்தும்வரைக்கும். மாரி காலத்தில இதுக்கு நல்ல நேரம் எடுக்கும், பொறுமையாய் இருங்கோ.

3. மேடு பள்ளம் இல்லாத நேர் றோட். ஏசி ஓஃப். கியர் நெம்பை 2இல வையுங்கோ. 2,500க்கு மேல கொண்டுபோய் அக்சலறேற்றரில இருந்து காலை முழுசா எடுங்கோ. பிறேக் தொடாமல் 1,000 வரைக்கும் தானா இறங்கவேணும். இதைப் பல தரம்.

4. சாவியை ஓஃப் பண்ணி, திரும்ப ஓன் நிலையில (ஸ்டார்ட் பண்ணாமல்) 30 செக்கன்ட்.

காலை எடுக்கிறது ஏன் முக்கியம் எண்டால், அப்ப பெற்றோலை முழுசா வெட்டும். வெடிப்பே இல்லாத நேரத்தில வாற வேக வித்தியாசம் எல்லாம் தட்டின்ர பிசகு மட்டும். அதைத்தான் படிக்கும். பிறேக்கை மிதிச்சால், குழியில விழுந்தால், ஐசில சில்லு வழுக்கினால் அந்த வாசிப்பு கெட்டுப்போகும். ஞாயிறு காலமை தொழிற்சாலைப் பக்க றோட்டுகள் நல்லம்.


மாரிரயர் எழுதியது:

பற்றறி வயரை ஒரு அரை மணித்தியாலம் கழட்டிவிட்டுப் போட்டால் எல்லாம் றீசெற் ஆகும்தானே? அப்பிடியும் வந்தால் எஞ்சின் பிழை. 19 நாள் முடியமுதல் யார்டுக்குத் திருப்பிக் குடுக்கிறது புத்தி. பழைய எஞ்சினை நம்பேலாது.


ஸ்பனர்14 எழுதியது:

பற்றறி கழட்டினால் ஐடில் கணக்கும் ஃபியூவல் ட்ரிமும்தான் போகும். அவர்ர கார் ஏற்கனவே இரண்டு நாள் பற்றறி இல்லாமல் நிண்டது, அதுக்குப் பிறகுதான் கோட் வந்தது. இன்னொரு அரை மணித்தியாலம் கழட்டினால் ஐடில் படிப்பு ஒருக்கால் கூடச் செய்யவேணும், அவ்வளவுதான்.

எஞ்சினைத் திருப்பிக் குடுக்கிறது பற்றி: ஒரு கோட்டை மட்டும் காட்டினால் யார்ட் ஏற்காது. கொம்ப்ரெஷன் (சிலிண்டர் அமுக்கம்) இலக்கமோ லீக்டவுன் (சிலிண்டரில இருந்து காத்து எவ்வளவு கசியுது) இலக்கமோ கையில இருக்கவேணும். அதை எப்பிடியும் எடுத்து எழுதி வைக்கிறது நல்லம், 19 நாளுக்குள்ள.


கரூர்க்காரன் எழுதியது:

ஸ்பனர் அண்ணா சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா பேட்டர்ன் லேர்ன் பண்றதுக்கு முன்னாடியே உண்மையான மிஸ்ஃபயர் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். நிஜமா மிஸ் ஆகிற இன்ஜின்ல லேர்ன் முடிச்சா கோட் திரும்ப வரும், அப்ப லேர்ன் சரியா ஆகலையோன்னு சந்தேகம் வந்து நாள் வீணாகும்.

மோட் 06 (கம்ப்யூட்டரோட சொந்த டெஸ்ட் முடிவுகள்) காட்டுற ஸ்கேனர் இருக்கா பாருங்க. 2006க்கு அப்புறம் வந்த சிவிக் கேன் நெட்வொர்க், அதனால சிலிண்டர் வாரியா எண்ணிக்கை கிடைக்கும். மானிட்டர் ஏ2 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அப்படியே ஏ5 நாலாவது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு டெஸ்ட் ஐடி: 0சி இந்த ஓட்டத்தோட எண்ணிக்கை, 0பி கடைசி பத்து ஓட்டத்தோட சராசரி. நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைன்னா அது கணக்குப் பிசகு, இல்லைன்னா நாலுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு: ஃபியூவல் பிரஷர், கிரவுண்ட், இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது). ஒரே சிலிண்டர் மட்டும் தூக்கலா இருந்தா அந்த சிலிண்டர்லதான் வேலை.

ட்ரிம் +2, +3ன்னு சொன்னீங்க. அதை எந்த ஆர்பிஎம்ல பார்த்தீங்கன்னு சொல்லலை. ஐடில்ல ஒரு தடவை, 2,500ல ஒரு தடவை பாருங்க. ஐடில்ல +10க்கு மேல, 2,500ல சாதாரணம்னா காத்து எங்கேயோ உள்ள வருது. மேனிஃபோல்டைக் கழட்டி மாட்டின கார்ல மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் அடி ஓ-ரிங், பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ் இந்த நாலையும் பார்த்தா பெரும்பாலும் மாட்டிக்கும். ரெண்டு இடத்துலயும் +3ன்னா அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இஜிஆர் வால்வ் ஊசி கரி பிடிச்சு முழுசா மூடாம நின்னா ஐடில்லதான் தடுமாறும். உங்க கோட் ஹைவேல வருது, அதனால கடைசியில பார்த்தா போதும்.

இந்த இன்ஜினுக்கே உரிய ஒண்ணு இருக்கு. மத்த பல ஹோண்டாவுல விடெக் (வால்வ் திறந்து மூடுற விதத்தை மாத்துற அமைப்பு) மேல் ஆர்பிஎம்ல வேலை செய்யும். ஆர்18ல தலைகீழ். லேசான லோடுல, சுமார் 1,000ல இருந்து 3,500 வரைக்கும், சிக்கனத்துக்காக ஒரு இன்டேக் வால்வை லேட்டா மூடுது. உங்க ஃப்ரீஸ் ஃப்ரேம் 2,280 ஆர்பிஎம், சமமான வேகம். அதாவது விடெக் மாறி மாறி வேலை செய்யிற அதே இடம். யார்டுல எவ்வளவு நாள் கிடந்த இன்ஜினோ தெரியாது, விடெக் சோலினாய்டு அடியில இருக்கிற வலை ஃபில்டர்ல கசடு இருக்கலாம். ஆயில் பிரஷர்ல குறை இருந்தா பி2646 வந்திருக்கணும், வரலை. அதனால இது முதல் சந்தேகம் இல்லை. ஆனா மூணு போல்ட் கழட்டி அந்த வலையைப் பார்க்கிறது பத்து நிமிஷ வேலை. ஆயில் லெவலையும் டிப்ஸ்டிக்ல பார்த்துக்கோங்க, 3.7ன்னு ஊத்தினதும் டிப்ஸ்டிக்கும் ஒத்துப்போகணும்.

பிளக் குழியில ஆயில் நிக்குதா? வால்வ் கவர் டியூப் சீல் கடினமாயிட்டா ஆயில் இறங்கி காயில் ரப்பர் ஊதிடும், ஸ்பார்க் பக்கவாட்டுல தாவும். இந்தப் பழக்கம் பழைய இன்ஜின்ல சகஜம். பிளக் இடைவெளி 1.0–1.1 மிமீ, இரிடியம் நுனியைத் தகடு விட்டு நெம்பக் கூடாது. டைட் 18 நியூட்டன் மீட்டர்.

கிரவுண்ட்: பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில மீட்டர் வெச்சு ஸ்டார்ட் அடிக்கும்போது பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா கேபிள் முனையோ, பெயிண்ட் மேல மாட்டின போல்ட்டோ. இன்ஜின் மாத்தின கார்ல ஒரு கிரவுண்ட் வயர் தொங்கிட்டே விட்டுப்போறது ரொம்ப அடிக்கடி நடக்குது.

இன்ஜெக்டர் பழைய கார்லதா புது இன்ஜின்லதா? புதுசுலதுன்னு எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணுலயும் ரெசிஸ்டன்ஸ் 10–13 ஓமுக்குள்ள, நாலும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி இருக்கணும்.

லைட் சிமிட்ட ஆரம்பிச்சா ஓட்டாதீங்க. ஆர்18ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தனியா இல்லை, ஹெட்லயே வார்த்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நேரா ஹெட்ல போல்ட் ஆகியிருக்கு. எரியாத பெட்ரோல் அதுக்குள்ள போய் எரிஞ்சா சீக்கிரம் உருகிடும்.


நட்டும்போல்ற்றும் எழுதியது:

யாரும் தொடாத இடம் ஒண்டு: எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில.

ஓட்டோ கியர் ஆர்18இல ட்ரைவ் பிளேற்றில டோர்க் கொன்வேர்ட்டரை (எஞ்சின் சுத்துறதைத் திரவத்தால கியர்பெட்டிக்குக் கடத்துறது) பிடிக்கிறது எட்டு சின்ன 6 மிமீ போல்ற்றுகள், ஒவ்வொண்டும் 12 நியூட்டன் மீற்றர். க்ராங்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொண்டா இறுக்கவேண்டி இருக்கிறதால, ஒண்டிரண்டு விரல் இறுக்கத்தோட நிண்டு போறது உண்டு. அப்ப கொன்வேர்ட்டர் லொக் ஆகிற வேகத்தில, சமமா ஓடேக்க, க்ராங்கில ஒரு சின்ன உதறல் வரும். கொம்பியூட்டருக்கு அது மிஸ்ஃபயர். 108 கிலோமீற்றரில சமமாப் போகேக்க லொக் ஆகித்தான் இருக்கும்.

சோதிக்கிறது சுகம். கோட் வாற அதே வேகத்தில, அதே றோட்டில, நெம்பை டி3இல (மூண்டாம் கியருக்கு மேல போகாது) வைச்சு ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கோ. மோட் 06 எண்ணிக்கை மாறினால் கொன்வேர்ட்டரையும் சந்தேகிக்கலாம். மாறாட்டி அந்தச் சந்தேகம் குறையும். பிறகு ஜாக்கி போட்டு, கீழ் மூடியைக் கழட்டி, எட்டையும் டோர்க் ஸ்பனரால ஒருக்கால் தொடுங்கோ. இரண்டு சுற்று: முதல் பாதி இறுக்கம், பிறகு முழு இறுக்கம், குறுக்குக் குறுக்கா.

கொன்வேர்ட்டரை எஞ்சினோட சேர்க்கமுதல் பின்னுக்குத் தள்ளி பம்பில முழுசா இருத்தினதோ எண்டதும் கேள்விதான். முழுசா இருக்கேல்லை எண்டால் இவ்வளவு தூரம் ஓடியிருக்காது, பம்ப் உடைஞ்சிருக்கும். அதால அந்தப் பயம் வேண்டாம்.

எஞ்சின் மவுண்டுகளையும் பாருங்கோ. பயணி பக்கத்து மவுண்டுக்குள்ள திரவம் இருக்கு. பழைய காரின்ர மவுண்டைத் திருப்பிப் போட்டிருந்தால், அது ஒழுகிக் கறுப்பாய் இருந்தால், மாத்துங்கோ. அது கோட்டுக்குக் காரணம் எண்டு சொல்லேல்லை. அது கெட்டிருந்தால் நடுக்கம் எங்க இருந்து வருது எண்டு கையால உணரேலாது.


வெள்ளைச்சிவிக் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாத்த அளவுக்கு இலக்கங்கள்:

மோட் 06, 401இல 40 நிமிட ஓட்டம்: 1ஆம் சிலிண்டர் 21, 2ஆம் 18, 3ஆம் 37, 4ஆம் 19. டி3இல வைச்சு ஓடினது: 20, 19, 35, 18.

ஃபியூவல் ட்ரிம் ஐடிலில +3, 2,500இல +2. பிளக் குழிகள் நாலும் காய்ஞ்சு சுத்தம். இன்ஜெக்டர் நாலும் 11.6க்கும் 11.9 ஓமுக்கும் நடுவில. ஸ்டார்ட் அடிக்கேக்க கிரவுண்ட் வீழ்ச்சி 0.08 வோல்ட். விடெக் வலையில லேசாக் கரி, துடைச்சுப் போட்டன், எண்ணிக்கையில மாற்றமில்லை. கொன்வேர்ட்டர் போல்ற்றுகள் எட்டும் இறுக்கம்.

எச்டிஎஸ் உள்ள கராஜ் ஒண்டு கிடைச்சிருக்கு, சனிக்கிழமை.


ஸ்பனர்14 எழுதியது:

நல்ல இலக்கங்கள். மூண்டு சிலிண்டர் 20ஐச் சுத்தி நிக்குது, ஒருவரும் உத்தமர் இல்லை. உண்மையான மிஸ் எண்டால் ஒண்டு மேல போக மற்றதுகள் சுழியத்தில நிக்கும். டி3இல மாறேல்லை, போல்ற்றுகளும் இறுக்கம், அதால கொன்வேர்ட்டரும் இல்லை. பற்றேர்ன்தான்.

ஆனால் 3ஆம் சிலிண்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை மறக்காதேங்கோ. எல்லாருக்கும் பொதுவான 20 பிசகு எண்டால், 3ஆம் சிலிண்டரில மட்டும் கூட நிக்கிற 15, 17 என்ன? ஒரு வேளை அதுவும் பிசகின்ர பகுதியாய் இருக்கலாம், தட்டின்ர அந்த அரைச்சுற்றில பிசகு கூட. லேர்ன் செய்து முடிய 3 மட்டும் மிஞ்சி நிண்டால் அது உண்மை. அப்ப கொம்ப்ரெஷன் எடுங்கோ.

சனிக்கிழமை கராஜில லேர்ன் முடிஞ்சதெண்டு திரையில காட்டுதோ எண்டு பாத்துப்போட்டு வெளிக்கிடுங்கோ. முடியேல்லை எண்டால் காலை எடுத்து இறங்கிறதை இன்னும் சில தரம் செய்யவேணும். ஓடுறது நீங்கள், திரையைப் பாக்கிறது பக்கத்தில இருக்கிற ஆள். இரண்டையும் ஒராள் செய்யக்கூடாது.


வெள்ளைச்சிவிக் எழுதியது:

சனிக்கிழமை லேர்ன் செய்தாச்சு. ஒன்பதாவது தரம் இறங்கேக்க 'முடிந்தது' எண்டு காட்டினது. அதுக்குப் பிறகு 401இல 310 கிலோமீற்றர், லைற் வரேல்லை.

மோட் 06: 1ஆம் 0, 2ஆம் 0, 3ஆம் 11, 4ஆம் 0.

கவனிச்சுப் பாத்தால் சிவப்பு லைற்றில நிக்கேக்க மெல்லிய துடிப்பு ஒண்டு இருக்கு, முந்திப் பெரிசா எடுக்கேல்லை. 3இன்ர எண்ணிக்கை ஏறுறதும் நிக்கேக்கதான். நெடுஞ்சாலையில ஏறேல்லை.

கொம்ப்ரெஷன் சூடான எஞ்சினில, பிளக் நாலும் கழட்டி, இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழட்டி, அக்சலறேற்றரை முழுசா மிதிச்சு எடுத்தது: 188, 190, 157, 186 பிஎஸ்ஐ.

3க்குள்ள கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்ப எடுத்தால் 160. யார்டுக்குப் போகவோ? இன்னும் 12 நாள் இருக்கு.


கரூர்க்காரன் எழுதியது:

இன்னும் போகாதீங்க. முதல்ல வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளுற கைக்கும் நடுவில உள்ள இடைவெளி) பாருங்க.

ஆயில் விட்டும் ஏறலைன்னா பிஸ்டன் ரிங் இல்லை, பெரும்பாலும் வால்வ் பக்கம்தான் கசியுது. சிலிண்டர்களுக்கு நடுவில 200 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 29 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. உங்களுக்கு 33. ஐடில்ல மட்டும் மிஸ் ஆகிறதும் கசிவோட ஒத்துப்போகுது: மெதுவா சுத்தும்போது கசிய நேரம் அதிகம், உள்ள வர்ற காத்தும் கம்மி. 2,500ல கசிய நேரமே கிடைக்காது.

ஆர்18ல ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. ஸ்குரூவும் லாக் நட்டும்தான், கையால அட்ஜஸ்ட் பண்ணணும். பல பேர் இதை ஒரு தடவைகூட பண்ணாம ஓட்டிடறாங்க. ஓட ஓட எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்குள்ள இறங்கும், இடைவெளி குறையும், அதிகமாகாது. அதனால சத்தம் வராது, காதுல கண்டுபிடிக்க முடியாது. இடைவெளி முழுசா போனதும் வால்வ் சரியா மூடாது.

இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், 38 டிகிரிக்குக் கீழ. ராத்திரி நிறுத்தி காலையில பண்ணுங்க. அளவு: இன்டேக் 0.18–0.22 மிமீ, எக்ஸாஸ்ட் 0.23–0.27 மிமீ.

பிளக் நாலையும் கழட்டிடுங்க, சுத்த இலகுவா இருக்கும். க்ராங்க் புல்லி போல்ட்ல 19 மிமீ சாக்கெட் போட்டு கடிகார முள் திசையில மட்டும் திருப்புங்க. முதல் சிலிண்டர் மேல் நிலையில, காம் ஸ்ப்ராக்கெட்ல இருக்கிற 'மேல்' குறி மேல வரணும், பக்கக் கோடுகள் ஹெட்டோட மேல் விளிம்புக்கு நேரா நிக்கணும். அதுல முதல் சிலிண்டரோட நாலு வால்வையும் பாருங்க. பிறகு 180 டிகிரி திருப்பி 3ஆவது, இன்னொரு 180ல 4ஆவது, இன்னொரு 180ல 2ஆவது. 1-3-4-2, வெடிக்கிற வரிசையேதான்.

அளவுத் தகடு (ஃபீலர் கேஜ்) லேசாப் பிடிச்சு இழுத்தா வரணும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கூடவே திரும்பும், அதனால இறுக்கின பிறகு மறுபடி தகடு விட்டுப் பாருங்க. முதல் தடவையிலேயே சரியா வந்துட்டதுன்னு விட்டுடறதுதான் இதுல எல்லாரும் பண்ற தப்பு.

அட்ஜஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, இருக்கிற இடைவெளியை பதினாறு வால்வுக்கும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க. கொம்ப்ரெஷன் திரும்ப வரலைன்னா அந்தத் தாளும் லீக்டவுன் ரிசல்ட்டும்தான் யார்ட்ல காட்ட வேண்டியது. வால்வ் ஏற்கனவே கருகியிருந்தா அட்ஜஸ்ட்மென்ட்ல சரியாகாது, எக்ஸாஸ்ட் பைப்ல காத்து சீறும் சத்தம் கேக்கும்.

மூடும்போது வால்வ் கவர் கேஸ்கெட்டும் டியூப் சீலும் புதுசு. செயின் கேஸும் ஹெட்டும் சேர்ற ரெண்டு மூலையில திரவ கேஸ்கெட் ஒரு துளி. கவர் போல்ட் 12 நியூட்டன் மீட்டர், நடுவில இருந்து வெளியே.


வெள்ளைச்சிவிக் எழுதியது:

இன்ரேக் எட்டும் 0.18க்கும் 0.21க்கும் நடுவில, தொடேல்லை. எக்ஸோஸ்ற்றில 1, 2, 4 எல்லாம் 0.19இல இருந்து 0.23. 3ஆம் சிலிண்டரில ஒரு வால்வ் 0.16. மற்றதுக்குள்ள 0.05 தகடுகூடப் போகேல்லை.

எக்ஸோஸ்ற் எட்டையும் 0.25இல வைச்சு, நட் இறுக்கின பிறகு திரும்ப அளந்தன். மூண்டு வால்வ் இரண்டாந்தரமும் திருத்தவேண்டி வந்தது.

கொம்ப்ரெஷன் இப்ப 189, 190, 181, 187. லீக்டவுனில 3ஆவது மற்றதுகளோட ஒத்து நிக்குது, எக்ஸோஸ்ற் பைப்பில சத்தம் இல்லை. நேற்றும் இண்டைக்கும் 140 கிலோமீற்றர், அரைவாசி நகரத்துக்குள்ள. மோட் 06: 0, 0, 1, 0. அந்த ஒண்டு காலமை ஸ்டார்ட் அடிச்ச உடனே வந்தது, பிறகு ஏறேல்லை.


ஸ்பனர்14 எழுதியது:

ஸ்டார்ட் அடிக்கேக்க ஒண்டு எண்டால் விடுங்கோ. பத்து ஓட்டம் முடிய 0பி-யைப் பாருங்கோ, சராசரி சுழியத்துக்கு இறங்கியிருக்கவேணும். அந்த ஒரு வால்வை மட்டும் 5,000 கிலோமீற்றரில திரும்ப அளவுங்கோ. 0.25 அப்பிடியே நிண்டால் சீற் நல்லம். 0.20க்குக் கீழ வந்தால் வால்வ் இன்னும் இறங்குது, ஹெட் கழட்டவேண்டி வரும்.